கிஃப்டியின் எலிகள்

கூண்டுக்குள் ஒரு நெம்புகோல் இருக்கிறது. எலி அதை அழுத்தினால் கொஞ்சம் சத்துபானம் சொட்டும். என்ஷூர்தான், நம் வீடுகளில் ஆபரேஷன் முடிந்து வந்த தாத்தாவுக்குக் கலக்கிக் கொடுப்பார்களே, அதே. எலிக்கு அதன் இனிப்பு பிடித்துப்போகிறது. அப்புறம் விளையாட்டின் விதியை மாற்றுகிறார்கள். அழுத்தினால் சில சமயம் பானம் வரும், சில சமயம் காலில் சுருக்கென்று மின்சாரம் ஏறும். சில எலிகள் உடனே விலகிவிடும். சில எலிகள் இன்னும் கொஞ்சம் முயன்று பார்த்துவிட்டு விலகும். மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு. கால் நொண்டினாலும் திரும்பத் திரும்பப் போய் அழுத்திக்கொண்டே இருக்கும்.

யா ஜ்யாசியின் 'டிரான்சென்டன்ட் கிங்டம்' நாவலில் இந்த எலிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் கிஃப்டி. ஸ்டான்ஃபோர்டு மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் ஆய்வு மாணவி, முனைவர் பட்டத்துக்கு ஆறாவது வருடம். அவளுக்கு அந்த மூன்றாவது கூட்டம்தான் முக்கியம். வலிக்கும் என்று தெரிந்தும் ஏன் விட முடியவில்லை என்பது அவள் கேள்வி. அவளுடைய அண்ணன் நானா ஹெராயினால் இறந்தவன் என்பது கூட வேலை செய்பவர்களுக்குத் தெரியாது. ஏன் இந்தத் துறைக்கு வந்தாய் என்று கேட்டால், இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான துறை, அதனால் வந்தேன் என்கிற மாதிரி பதில் சொல்லி முடித்துவிடுவாள்.

நாவல் 2020-ல் வந்தது. ஜ்யாசி அதற்கு முன் 2016-ல் எழுதிய 'ஹோம்கோயிங்' அடிமை வணிகக் காலத்துக் கானாவில் தொடங்கி, இரு சகோதரிகளின் வம்சங்களைப் பல தலைமுறை பின்தொடரும் பெரிய கதை. அதைப் படித்த கையோடு இதை எடுத்தவர்கள் பலருக்கு ஏமாற்றம். இதில் நாலே பேர்தான்: அம்மா, அப்பா, அண்ணன், தங்கை. அதிலும் அப்பா சீக்கிரமே போய்விடுகிறார், அண்ணன் செத்துவிடுகிறான். எனக்கு இந்தச் சிறிய புத்தகம்தான் அதிகம் பிடித்தது. காரணம் ஒன்றுதான். புலம்பெயர்ந்த குடும்பமும் மனநோயும் சேர்ந்து வருகிற கதைகளில் வழக்கமாக ஒரு வழக்காடுமன்றம் நடக்கும். ஊரிலிருந்து வந்த பெற்றோருக்கு மனநோய் என்றால் என்னவென்று புரியாது, அங்கே பிறந்த பிள்ளைக்குப் புரியும், கடைசியில் பெற்றோர் அழுது ஏற்றுக்கொள்வார்கள். ஜ்யாசி அந்த மன்றத்தைக் கூட்டவே இல்லை. இந்த வீட்டில் அறிவியல் படித்த மகளும் ஜெபம் செய்யும் அம்மாவும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள்: வாயைத் திறப்பதில்லை. யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல வாசகருக்கு வழியே கிடையாது.

கதை நடக்கும் ஊர் அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில். ஜ்யாசி 1989-ல் கானாவின் மாம்போங்கில் பிறந்தவர், வளர்ந்தது ஹன்ட்ஸ்வில்லில். வெளியூர்க்காரர்களுக்கு அந்த ஊர் என்றால் ராக்கெட். நாசாவின் மார்ஷல் மையம் அங்கேதான் இருக்கிறது. கிஃப்டியின் வீட்டுக்கும் ராக்கெட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர்களுக்கு ஊர் என்பது தேவாலயம், வால்மார்ட், பள்ளி மைதானம், அம்மா வேலைக்குப் போகும் கிழவர்களின் வீடுகள்.

அமெரிக்கா வருவது அம்மாவின் முடிவு. முதல் பிள்ளைக்கு உலகத்தையே கொடுக்க வேண்டும் என்ற வெறி. அப்பாவுக்கு அரை மனசு. அவரைக் கிஃப்டி நாவல் முழுக்க 'சின் சின் மேன்' என்றே அழைக்கிறாள். சின் சின் மேற்கு ஆப்பிரிக்கப் பலகாரம், நம் மைதா கலகலா மாதிரி வெட்டிப் பொரிப்பது. அவருக்கு அதில் அவ்வளவு ஆசை. நெடுநெடுவென்று வளர்ந்த, ஊரில் சிரித்துப் பேசித் திரிந்த மனிதர், வால்மார்ட்டில் திருடன் என்று சந்தேகிக்கப்பட்டுத் தடுத்து நிறுத்தப்படுகிறார், அதுவும் ஒருமுறை அல்ல. கொஞ்சம் கொஞ்சமாகக் கூனிக்குறுகுகிறார். ஒருநாள் ஊருக்குப் போய் வருகிறேன் என்று கிளம்பியவர் திரும்பவில்லை. அப்புறம் தொலைபேசி மட்டும்தான். நானா அந்த ஃபோனை எடுக்க மறுக்கிறான்.

அம்மாவுக்கு வேலை, வீடுகளில் படுத்துக் கிடக்கும் முதியவர்களைக் கவனிக்கும் உதவியாளர். அதில் ஒரு கிழவர் அவளை நிறத்தைச் சொல்லி அசிங்கமாகத் திட்டுகிறவர். அவள் அவரைக் குளிப்பாட்டி, சோறூட்டி, ஒன்றும் காதில் விழாதவள் போல வீட்டுக்கு வருகிறாள். இந்தப் பகுதியை ஜ்யாசி அதிகம் நீட்டுவதில்லை, ஆனால் எனக்கு நாவலின் திறவுகோல் இங்கே இருக்கிறது என்று தோன்றியது. பிற்பாடு அம்மா படுக்கையில் விழும்போது, நடந்தது மகனின் மரணம் மட்டும் அல்ல என்று நமக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. விழுங்கியதெல்லாம் எங்காவது போய்ச் சேர வேண்டுமே.

நானாவின் கதைக்கு வருகிறேன். சின்ன வயதில் கால்பந்தில் கெட்டிக்காரன். ஓர் ஆட்டத்தில் எதிரணியின் பெற்றோர் ஒருவர் இன வசை கத்துகிறார். சிறுவன் பதில் பேசவில்லை, கோல் மேல் கோலாக அடிக்கிறான். அப்பா போனதும் கால்பந்தை விட்டுவிடுகிறான். வளர்ந்தபின் கூடைப்பந்து. ஊரே கொண்டாடுகிறது. அப்புறம் ஓர் ஆட்டத்தில் குதித்து இறங்கும்போது கணுக்கால் மடங்கித் தசைநார் கிழிகிறது. மருத்துவர் வலிக்கு ஆக்ஸிகான்டின் எழுதிக் கொடுக்கிறார்.

அமெரிக்க வாசகருக்கு இந்த மருந்தின் பெயரே அடிவயிற்றைக் கலக்கும். நமக்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். பர்டூ ஃபார்மா நிறுவனம் இதை 1996-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. உள்ளே இருப்பது ஆக்ஸிகோடோன், அபினின் வகையறா. மாத்திரை மெதுவாகக் கரைவதால் அடிமையாகும் ஆபத்து குறைவு என்று மருத்துவர்களிடம் சொல்லி விற்றார்கள். பொடித்து எடுத்துக்கொண்டால் அந்த மெதுவெல்லாம் காணாமல் போய்விடும். 2007-ல், அடிமையாக்கும் தன்மையை மறைத்துத் தவறான தகவல் தந்து விற்றதாக நிறுவனத்தின் ஒரு பிரிவு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. கட்டிய தொகை 60 கோடி டாலருக்கும் மேல். அதற்குள் மாத்திரையில் தொடங்கி, அது கட்டுப்படியாகாமலோ கிடைக்காமலோ ஹெராயினுக்குப் போனவர்கள் ஊர் ஊராக இருந்தார்கள்.

நாவல் இந்த வழக்கையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. சொல்லாததே நல்லது. பதினொரு வயதுக்குள் இருக்கும் ஒரு தங்கைக்கு என்ன தெரியுமோ அதுதான் நமக்குக் கிடைக்கிறது: அண்ணன் நாள் முழுக்கத் தூங்குகிறான், பொய் சொல்கிறான், இரவில் அம்மாவும் அவளும் காரில் அவனைத் தேடி அலைகிறார்கள். ஒன்றை மட்டும் வாசகர் சேர்த்துப் பார்க்கலாம். அமெரிக்காவில் கறுப்பின நோயாளிகளுக்கு வலி மருந்தைக் குறைத்தே எழுதுகிறார்கள் என்று பல ஆய்வுகள் வந்திருக்கின்றன. நானாவுக்குத் தாராளமாகக் கிடைத்தது. அவன் அணியின் நட்சத்திரம், சீக்கிரம் களத்துக்கு வர வேண்டியவன் என்பது அதில் எவ்வளவு வேலை செய்தது என்று நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். அவனை அந்த ஊர் ஏற்றுக்கொண்ட ஒரே வழி அவனுடைய உடம்பு. அந்த உடம்பு கெட்டதும் கொண்டாட்டம் நின்றது.

தேவாலயம் இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. கானாவில் அம்மா போய்வந்த அதே திருச்சபைதான் இங்கும் என்று நம்பி அசெம்பிளீஸ் ஆஃப் காட் ஆலயத்தில் சேர்கிறாள். வெள்ளையர்கள் நிறைந்த பெந்தெகொஸ்தே சபை. நானா கூடைப்பந்தில் ஜெயித்தபோது அவனுக்காக ஜெபித்தவர்கள் அவன் விழுந்தபின், 'இவர்கள் கூட்டத்துக்கே போதைப் பழக்கத்தில் ஒரு ருசி உண்டு' என்கிற மாதிரி பேசிக்கொள்வதைச் சிறுமி கிஃப்டி கேட்டுவிடுகிறாள். கடவுளை அவள் அன்று விட்டுவிட்டாள் என்று சொல்ல முடியாது. ஆனால் ஏதோ ஒன்று அன்றைக்கு உடைகிறது. அதற்கு முன்னாலேயே நானா இளைஞர் வகுப்பில் கேட்ட கேள்வி ஒன்று உண்டு: நற்செய்தியே எட்டாத ஓர் ஆப்பிரிக்கக் கிராமம் இருந்தால், அந்த மக்கள் நரகத்துக்குத்தான் போவார்களா? ஆம் என்று பதில் வருகிறது. கேட்ட பையனுக்கு அந்தக் கிராமம் கற்பனை இல்லை, அவனுடைய பாட்டி வீடு.

இத்தனைக்கும் ஜ்யாசி சபையைக் கேலி செய்வதில்லை. போதகர் ஜான் கருணையுள்ளவர். அம்மா மறுபடியும் படுக்கையில் விழுந்ததும் கிஃப்டிக்கு ஃபோன் செய்து தாயை கலிபோர்னியாவுக்கு அனுப்பிவைப்பவர் அவர்தான். இந்த மாதிரி இடங்களில் ஒரு பக்கம் சாயாமல் எழுதுவதற்குப் பொறுமை வேண்டும்.

சிறுமி கிஃப்டியின் நாட்குறிப்புப் பகுதிகள் எனக்கு மிகவும் பிடித்தவை. ஒவ்வொரு பதிவும் 'அன்புள்ள கடவுளே' என்றுதான் தொடங்கும். யாராவது எடுத்துப் படித்துவிட்டால்? அதனால் எல்லோருக்கும் மறைபெயர். அண்ணன் 'பஸ்' (Buzz), அம்மா 'பிளாக் மாம்பா'. எல்லாம் தெரிந்த கடவுளுக்கு எழுதும் கடிதத்தில் ரகசியப் பெயர் வைக்கும் குழந்தை! சிரிப்பாகவும் இருக்கிறது, வயிற்றைப் பிசையவும் செய்கிறது. அந்த வீட்டில் எதையும் நேரடியாகச் சொல்லக்கூடாது என்பதை ஜெபத்தில்கூடக் கடைப்பிடிக்கிறாள்.

நானா இறந்தபின் அம்மா படுத்துவிடுகிறாள். எழுந்திருக்கவில்லை. பதினொரு வயதுக் குழந்தை சோறு வைக்கிறது, பக்கத்தில் போய்ப் படுத்துப் பார்க்கிறது, ஜெபிக்கிறது. பிறகு அம்மா உயிரை விட முயன்று மருத்துவமனையில் சேர்க்கப்பட, கிஃப்டி அந்தக் கோடைக்குக் கானாவில் சித்தி வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். குமாசியின் பெரிய கெஜெட்டியா சந்தையில் சித்தி கையைப் பிடித்து நிறுத்தி ஒருவனைக் காட்டுகிறாள். சடை முடி, அழுக்கு உடம்பு, தனக்குத்தானே பேச்சு. பார்த்தாயா, அதுதான் பைத்தியம். உன் அம்மா அப்படியில்லை, புரிந்ததா என்பது அதன் உட்பொருள்.

நாவலில் நான் நெடுநேரம் நின்ற இடம் இது. சித்தி கெட்டவள் இல்லை, ஆறுதல்தான் சொல்கிறாள். அவள் கணக்கில் மனம் கெட்டவன் என்றால் தெருவில் தெரிய வேண்டும். சத்தம் போட வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவள் அந்தக் கணக்கில் வரமாட்டாள். இந்த இரண்டு வகையுமே நமக்குப் பழக்கம்தான். தெருவில் தெரிந்தவர்களை ஏர்வாடிக்குக் கொண்டுபோய்ச் சங்கிலியில் கட்டினோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்துக் கொட்டகையில் தீப்பிடித்து, கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். கானாவிலும் ஜெப முகாம்களில் இதே போல மனநோயாளிகள் சங்கிலியில் கிடப்பதை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 2012-ல் ஓர் அறிக்கையாக வெளியிட்டது. கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே மாதிரிதான்.

இரண்டாவது வகைக்கு என் குடும்பத்திலேயே ஆள் உண்டு. என் அத்தை ஒருத்தி, மாமா வேலைக்காக வெளிநாடு போய்ச் சில வருடங்களில், சமைப்பதை நிறுத்தினாள், பேசுவதை நிறுத்தினாள். ஊரிலிருந்து பாட்டி ஃபோனில் சொன்ன வைத்தியம்: எலுமிச்சம்பழம் சுற்றிப் போடு, வெள்ளிக்கிழமை விளக்கேற்று. அங்கேயே வளர்ந்த அத்தை மகள் சொன்ன வைத்தியம்: அம்மாவுக்கு வைட்டமின் டி குறைச்சல், பரிசோதனை செய்துவிட்டேன். அப்போது எங்களுக்கெல்லாம் பாட்டி பழைய ஆள், மகள் விவரமானவள் என்ற எண்ணம். கிஃப்டியைப் படித்தபின் இரண்டு பேச்சும் எனக்கு ஒன்றாகக் கேட்கிறது. என்ன ஆயிற்று உனக்கு என்று அத்தையிடம் இரண்டு பேருமே கேட்கவில்லை.

கிஃப்டியின் அம்மா மனநோயை மேற்கத்தியர்கள் கண்டுபிடித்த சமாச்சாரம் என்றுதான் பார்க்கிறாள். சரி, மகள் அறிவியலாளி, அவள் என்ன செய்கிறாள்? பதினேழு வருடம் கழித்து அதே அம்மா அவளுடைய வீட்டுப் படுக்கையில் அதே போலச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். கிஃப்டி காலையில் சாப்பாட்டை வைத்துவிட்டு எலிகளிடம் போகிறாள். மாலையில் வந்து, தொடாத தட்டை எடுக்கிறாள். மூளையின் முன்பகுதியில் எந்த நரம்புச் செல் எதைத் தடுக்கிறது என்பதெல்லாம் அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். போதை என்பது தடுப்பு போதாமை, மனச்சோர்வு என்பது தடுப்பு மிகையாகிப்போனது, இன்பத்தைத் தேடிப் போகவே விடாத அளவுக்கு என்று அவளே ஓரிடத்தில் விளக்குகிறாள். முதலாவது அண்ணன், இரண்டாவது அம்மா, கச்சிதமாகப் பொருந்துகிறது. அந்தச் சமன்பாட்டில் தன்னை எங்கே வைப்பது என்று மட்டும் அவள் பார்ப்பதில்லை. காதலனிடம் சொல்லவில்லை, தோழியிடம் சொல்லவில்லை, அழவில்லை, ஊருக்குப் போகவில்லை. அம்மாவுக்கு அடுத்தபடியாக அந்த வீட்டில் தடுப்பு மிகையானவள் அவள்தான். நாவல் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை, இது என் வாசிப்பு.

அவளுடைய ஆய்வு முறை ஆப்டோஜெனெடிக்ஸ். ஸ்டான்ஃபோர்டில் கார்ல் டைசரோத்தும் எட் பாய்டனும் சகாக்களும் 2005-ல் நடத்திக்காட்டிய தொழில்நுட்பம். பாசியில் இருக்கும், ஒளிபட்டால் திறந்துகொள்ளும் ஒரு புரதத்தின் மரபணுவை நரம்புச் செல்லுக்குள் செலுத்திவிட்டால், மெல்லிய ஒளியிழை வழியாக நீல வெளிச்சம் பாய்ச்சி அந்தச் செல்லை வேண்டும்போது இயக்கலாம். ஆராய்ச்சி செய்யும் நண்பர் ஒருவரின் வேலையைப் பார்த்துத்தான் ஜ்யாசிக்கு இந்தக் கதையே வந்தது. அதனால் ஆய்வகக் காட்சிகளில் எங்கும் பொய்க்கால் தெரியவில்லை. எலியின் தலையில் அறுவை செய்வது, தையல் போடுவது, காத்திருப்பது, கட்டுரை எழுத முடியாமல் நாட்களைக் கடத்துவது எல்லாம் சாவகாசமாக வருகிறது.

சோதனை பலிக்கிறது. நொண்டி எலி நெம்புகோலை விட்டு விலகிவிடுகிறது. சாதாரண நாவலாசிரியர் இங்கே நாலு பக்கம் உருகியிருப்பார். ஜ்யாசியிடம் அப்படி எதுவும் இல்லை. ஒரு மிருகத்தின் ஆசையை வெளிச்சம் போட்டு நிறுத்த முடியும் என்று தெரிந்துவிட்டது. நானா ஏன் நிறுத்தவில்லை என்பதற்கு அதில் பதில் இல்லை, அண்ணனைப் பற்றி அவள் கேட்க விரும்பிய கேள்வியே வேறு என்பது அவளுக்கும் தெரிகிறது. ஜெபித்தபோதும் இதேதான் நடந்தது. கடவுளிடமிருந்து பதில் வராத இடத்தில்தான் அவள் அறிவியலை வைத்தாள். அறிவியல் பதில் சொன்னது, ஆனால் வேறு கேள்விக்கு.

குறைகளும் உண்டு. காதலன் ரேமண்ட், கல்லூரித் தோழி ஆன் வரும் பகுதிகள் மெலிந்து கிடக்கின்றன. கிஃப்டி யாரையும் கிட்டே சேர்க்கமாட்டாள் என்று காட்டுவதற்காக வந்து போகிறவர்கள் போல இருக்கிறார்கள். காலம் முன்னும் பின்னும் தாவிக்கொண்டே இருப்பதில் நடுவில் கொஞ்சம் சலிப்புத் தட்டியது, நூறாவது பக்கத்துக்கு மேல் இரண்டு தரம் புத்தகத்தை மூடி வைத்தேன்.

ஆனால் என்னுடைய உண்மையான மனத்தாங்கல் கடைசி அத்தியாயத்தோடுதான். பல வருடங்கள் ஒரே தாவலில் போய்விடுகின்றன. கிஃப்டிக்கு பிரின்ஸ்டனில் சொந்த ஆய்வகம். முன்பு கூட வேலை செய்த ஹான் இப்போது வாழ்க்கைத் துணை. அம்மா இந்த இடைவெளியில் வாழ்ந்து முடித்து இறந்தும் போய்விட்டாள். கிஃப்டி அவ்வப்போது ஒரு தேவாலயத்தில் போய் உட்காருகிறாள், ஜெபிப்பதற்காக அல்ல. அமைதியான, அழகான முடிவு என்று பாராட்டியவர்கள் நிறையப் பேர். எனக்கு இது ஏய்ப்பாகத் தெரிந்தது. முந்தைய பக்கம் வரை படுக்கையை விட்டு எழாத ஒருத்தி எப்படி எழுந்தாள்? மாத்திரை சாப்பிட ஒப்புக்கொண்டாளா, ஒப்புக்கொண்டாள் என்றால் அதைத் தினமும் எடுத்துக்கொடுத்தது யார்? தாயும் மகளும் நானாவின் பெயரை ஒருவர் முன் ஒருவர் எப்போது முதன்முதலாகச் சொன்னார்கள்? ஹானிடம் கிஃப்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்றால், எந்த வார்த்தையில் ஆரம்பித்தாள்? இருநூற்றைம்பது பக்கத்துக்கு மேல் இந்த வீட்டின் மௌனத்தை இவ்வளவு கூர்மையாக எழுதியவர், அது கலைந்த வருடங்களை மட்டும் நமக்குத் தராமல் தாண்டிப் போய்விட்டார். என் அத்தை மகளுக்கு இந்தப் புத்தகத்தை அனுப்பியபோது அவள் திருப்பிக் கேட்டதும் இதேதான்: அந்த அம்மா எப்படி எழுந்தாங்க என்று எந்தப் பக்கத்தில் இருக்கு?